மட்டாஞ்சேரியில் நான்கு நாள்

வெள்ளி, 2025 ஜூலை 11

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகில் ஆறு ரூபாய்தான் சீட்டு. படகு காயலின் நடுவை அடைந்தபோது மழை சாய்ந்து அடிக்கத் தொடங்கியது. பணியாளர் பக்கத் தார்ப்பாய்களை இறக்குவதற்குள் என் தோள்பையும் அதற்குள் மடித்து வைத்திருந்த சட்டைகளும் நனைந்துவிட்டன. பக்கத்தில் மீன்கூடையுடன் அமர்ந்திருந்த பெண்மணி ஒன்றும் பேசாமல் தம் கூடையை நகர்த்தி, என் பை சாரல் படாத இடத்துக்கு வர வழி செய்தார். விசைப்படகு மீன்பிடிப்புக்கு ஜூலை முடியும்வரை தடை என்பதால் கூடையில் சிறிய மத்திகளே இருந்தன. மே மாதம் கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கியதிலிருந்து மீன் வாங்கவே சனங்கள் பயப்படுகிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டார்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி ஆட்டோவில் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். கொச்சி மன்னர்களின் பழைய அரண்மனையின் கதவு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை நாள். அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கும் யூதர் தெருவுக்குப் போனால், அங்கும் வழிபாட்டிடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குவதால் வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமை முழுவதும் அது திறக்காது. சரி, சாப்பிடலாம் என்று திரும்பினால், தெருமுனைக் கடைக்காரர் ஜும்ஆ தொழுகைக்காகப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாளும் கிழமையும் விசாரிக்காமல் வந்தது என் தவறு. ஆனால் ஒரே வெள்ளிக்கிழமை நண்பகல் சில நூறு அடிகளுக்குள் மூன்று வேறு காரணங்களால் மூன்று கதவுகள் மூடிக்கிடந்ததைப் பார்த்தபோது, இந்த ஊரைப்பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுவே என்று தோன்றியது. நான்கைந்து சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழ்கின்றன என்று இங்கே சொல்வார்கள். அத்தனை பேரும் அவரவர் நாள்காட்டியை விட்டுக்கொடுக்காமலேதான் சேர்ந்து வாழ்கிறார்கள்.

மழைக்கு ஒதுங்கியது பஜார் சாலையில் ஒரு பழைய பண்டகசாலையின் திண்ணையில். உள்ளே சுக்கு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "மழயல்லே, அகத்து கேறி நில்க்கு" என்று அழைத்து, மூட்டை ஒன்றைத் தட்டி உட்காரச் சொன்னார். ஈரமண்ணும் சுக்கும் மிளகும் கலந்த அந்த வாசனைக்காகவே ஒருமுறை இங்கே வரலாம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் சேர நாட்டின் முசிறித் துறையை மணல்மேடாக்கி, கொச்சியில் புதிய கடல்வாயைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அகநானூறு, 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று பாடிய மரக்கலங்கள் முசிறிக்குத்தான் வந்தன. அந்தக் கறி என்ற மிளகு வணிகம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த துறைகளில் ஒன்று இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிடும். சரக்கைத் தோணிகள்தாம் இந்தப் பண்டகசாலைகளின் பின்வாசலுக்குக் கொண்டுவரும். 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கடல்வாயின் மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக்கொண்டே வில்லிங்டன் தீவை உருவாக்கினார். அதன்பின் கப்பல்கள் உள்ளே வந்தன. வணிகம் மெல்ல மெல்லத் தீவுக்குப் போனது. 2011இல் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையம் திறந்தபிறகு தலைச்சுமைக்கு வேலையே குறைந்துவிட்டது. மூட்டை அடுக்கிய முதியவர், "என் காலத்தில் இந்தத் தெருவில் கைவண்டிக்கு நடுவே நடக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டு, வெறிச்சோடிய தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொல்லித்தான் சாப்பா என்ற சொல்லைத் தெரிந்துகொண்டேன். துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன்கள், கூடிநிற்கும் தொழிலாளர் கூட்டத்தின்மேல் உலோக வில்லைகளை வீசி எறிவார்களாம். அடிபட்டு, மிதிபட்டு, ஒரு வில்லையைப் பிடித்தவனுக்குத்தான் அன்றைய வேலையும் கூலியும். அந்த வில்லைக்குப் பெயர்தான் சாப்பா. அந்த முறையை எதிர்த்து நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி என்ற இரு தொழிலாளர்கள் இறந்தார்கள். கைதாகி வதைபட்ட அந்தோணி என்பவர் பின்னர் இறந்தார். சுற்றுலாப் பலகைகளில் இந்தப் பெயர்கள் என் கண்ணில் படவில்லை. கைகளாலும் முதுகுகளாலும் ஓடிய ஊரில், முதலில் இவற்றைத்தான் எழுதிவைக்க வேண்டும்.

திண்ணைக்கு எதிரில் எலுமிச்சை பிழிந்த சுலைமானித் தேநீர் பன்னிரண்டு ரூபாய். இரண்டு குவளை குடித்தேன்.

இரவு விடுதிக்காரர் என் ஈரத்துணிகளைப் பார்த்துவிட்டு, "இந்த மழையில் அறைக்குள் தொங்கவிட்டால் வாடைதான் வரும். வெளியில் உங்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்" என்றார். வெளியே என்று சொல்கிறார் போலும் என்று நினைத்தேன். வெளி என்பது ஃபோர்ட் கொச்சியில் ஒரு இடத்தின் பெயர். ஐந்து உருப்படிகளைக் கொடுத்தனுப்பினேன்.

சனி, 2025 ஜூலை 12

காலை குஜராத்தித் தெருவில் விடிந்தது. கடைவாசலில் நீளநீளமாய் ஃபாஃப்டா என்ற கடலைமாவுப் பலகாரம் பொரிந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சட்டியில் ஜிலேபி. பச்சை மிளகாயும் பப்பாளித் துருவலும் சேர்த்து ஒரு தட்டு அறுபது ரூபாய். கடைக்காரர் வாடிக்கையாளர்களோடு குஜராத்தியிலும், பால்காரரோடு மலையாளத்திலும், தமிழ்நாடு என்று தெரிந்ததும் என்னோடு தட்டுத்தடுமாறித் தமிழிலும் பேசினார். தம் பாட்டனார் கட்ச் பகுதியிலிருந்து மிளகு வாங்க வந்து, ஒரு மழைக்காலத்தில் கப்பல் போக முடியாமல் தங்கி, பிறகு போகவே இல்லை என்றார். மரக்கலக் காலத்தில் காற்று திரும்பும் வரை காத்திருப்பதும் வணிகத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அப்படிக் காத்திருந்தவர்களில் சிலர் தங்கிவிட்டதால்தான் இங்கே தெருக்களுக்கு இத்தனை பெயர்கள்.

அதே தெருவில் 1904இல் எழுந்த தர்மநாதர் சைனக் கோயில், ஈரத்தில் மின்னும் வெள்ளைப் பளிங்காக நின்றது. மழைக்காலம் நான்கு மாதம் துறவிகள் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸம் தொடங்கியிருந்ததால் வழக்கத்தைவிடக் கூட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். நண்பகல் சற்றுத் தாண்டியதும் மணியோசை கேட்டது. ஓடுகளின்மேல் சிறகைச் சிலிர்த்துக்கொண்டிருந்த புறாக்கள் ஒன்றாக எழும்பிக் கோயிலைச் சுற்றிப் பறந்துவிட்டு முற்றத்தில் இறங்கின. ஒரு சிறுமி என் உள்ளங்கையில் தானியத்தைக் கொட்டி, கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னாள். ஈரக்கால்களோடு ஒரு புறா மணிக்கட்டில் ஏறி நின்று தின்றது.

மதிய உணவு, ஒரு பழைய பிரியாணிக் கடையில். நீண்ட அரிசி இல்லை. கைமா என்று சொல்லும் குட்டை அரிசி, நெய்யில் உதிரி உதிரியாக. தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழ ஊறுகாய். ஆட்டிறைச்சிப் பிரியாணி இருநூற்று நாற்பது ரூபாய். மேசைகளில் இடமில்லாததால் நான்கு சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு நடுவே என்னை உட்கார்த்தினார்கள். நான் ஊறுகாயை மிச்சம் வைத்ததைப் பார்த்த ஒருவர், அதைச் சோற்றோடு எப்படிப் பிசைய வேண்டும் என்று தம் இலையில் செய்து காட்டினார். அவர் சொன்னதுபோல் சாப்பிட்ட பிறகுதான் அந்த இனிப்பின் தேவை புரிந்தது.

மாலையில் செறளாயிக்குப் போனேன். இது கொங்கணிகளின் இடம். போர்த்துகீசியர் ஆட்சியில் கோவாவிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் தப்பி வந்த கௌட சாரஸ்வதப் பிராமணர்கள் 1599இல் இங்கே திருமலை தேவஸ்வம் என்ற வேங்கடாசலபதி கோயிலை அமைத்தார்கள். சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனபோது, அங்கே நின்றிருந்த பெரியவர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். கும்பகோணம் என்றதும் அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்துச் சன்னிதிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, "உங்கள் ஊரிலிருந்து வந்தவர்தான் இவர்" என்றார். மூலவிக்கிரகத்தைக் கும்பகோணத்திலிருந்து கொடுத்தனுப்பியவர் விஜயீந்திர தீர்த்தர் என்ற மாத்வத் துறவி என்பது அந்தக் கோயிலின் வரலாறு. விஜயீந்திர தீர்த்தரின் பிருந்தாவனம் என்னும் சமாதி இருக்கும் மடத்தைச் சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கடந்துபோயிருக்கிறேன். அங்கிருந்து ஒரு சாமி புறப்பட்டு இவ்வளவு தூரம் வந்து கொங்கணி பேசுவோருக்குக் குலதெய்வமாக இருப்பது, ஐம்பத்துநான்கு வயதில், மட்டாஞ்சேரியில் நனைந்த வேட்டியோடு நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பெரியவர் தம் சமூகத்தின் பெருமையாகச் சொன்னது வேறொன்று. டச்சுத் தளபதி வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ்' என்ற மலபார்த் தாவர நூலுக்கு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரோடு சேர்ந்து உழைத்தவர்கள் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிகள். அதே பெரியவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சி மன்னர் சக்தன் தம்புரான் இந்தக் கோயில்மீதும் கொங்கணி வணிகர்கள்மீதும் படையை ஏவியதையும், தம்மவர்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு திருவிதாங்கூர் எல்லைக்குள் ஓடியதையும், அவரைத் திரும்பக் கொண்டுவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனதையும் மறைக்காமல் சொன்னார். அடைக்கலம் தந்த அரச வம்சமே அடித்த கதை அது. ஊரைப் புகழ வந்தவனிடம் அதையும் சொன்னதற்காக அவர்மீது எனக்கு மதிப்பு கூடியது.

திரும்பும் வழியில் ஒரு வீட்டுத்திண்ணைக் கடையில் பத்ரோடோ கிடைத்தது: சேம்பிலையில் அரிசியும் புளியும் மிளகாயும் அரைத்த விழுதைத் தடவி, சுருட்டி, வேகவைத்தது. மழைக்காலத்து இளஞ்சேம்பிலை என்பதால் தொண்டை அரிக்கவில்லை. இரண்டு துண்டு முப்பது ரூபாய்.

ஞாயிறு, 2025 ஜூலை 13

பத்து மணிக்கு முன்பே யூதப் பள்ளியின் வாசலில் நின்றேன். கேரளத்தில் தேவாலயமும் பள்ளிதான், மசூதியும் பள்ளிதான், யூதர்களின் தொழுகைக்கூடமும் பள்ளிதான். நம் கல்வெட்டுகளில் சைனத் துறவியரின் உறைவிடமும் பள்ளி என்றே வரும். பரதேசி என்ற சொல்லும் அப்படித்தான்: தமிழில் அது கையேந்துபவனைக் குறிக்கும் ஏச்சாகத் தேய்ந்துவிட்டது, இங்கே அது வேற்றுநாட்டிலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருளில் ஒரு வழிபாட்டிடத்தின் பெயராக நிற்கிறது. ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த யூதர்கள் 1568இல் கட்டியது இந்தப் பரதேசி யூதப் பள்ளி. மன்னர் இடம் கொடுத்தது தம் அரண்மனைக்கும் அதன் வளாகத்திலுள்ள பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் ஒட்டியே. 1662இல் போர்த்துகீசியர் இதைச் சிதைத்தார்கள். டச்சுக்காரர் வந்தபின் மீண்டும் எழுந்தது. 1760இல் எசக்கியேல் ரஹபி என்ற யூத வணிகர் கட்டிய மணிக்கூண்டில் ஒரு பக்கம் எபிரேய எண்களும், ஒரு பக்கம் ரோமன் எண்களும், ஒரு பக்கம் மலையாள எண்களும் இருக்கின்றன. யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தம் எழுத்தில் மணி பார்த்துக்கொள்ளலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் பாதத்துக்குக் குளிர்ச்சியாகச் சீனத்து ஓடுகள். வெள்ளையில் நீலம் தீட்டியவை; கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. மேலே கண்ணாடி விளக்குகள், நடுவில் பித்தளைக் கம்பி அடைத்த மேடை. கொச்சங்காடியில் இருந்து மறைந்துபோன ஒரு பழைய பள்ளியின் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் அளித்து வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடுகளைக் காத்துவந்ததும் இந்தச் சபைதான்.

இந்த அழகிய கூடத்திலும் ஒரு வலி உண்டு. மலபார் யூதர்கள் இங்கே பரதேசிகளுக்கு வெகுகாலம் முன்பே இருந்தவர்கள். ஆனாலும் பரதேசிகள் தங்களை வெள்ளை யூதர்கள் என்று வைத்துக்கொண்டார்கள். தங்கள் சபையிலேயே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களை உட்கார இடம் கொடுக்காமல் ஓரத்தில் வைத்தார்கள். அந்த வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியைப் பின்பற்றி இந்தப் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அந்த வழக்கத்தை உடைத்தார். சாதி நம்மிடம் மட்டும் இருக்கும் நோயன்று என்பதைவிட, நம்மோடு வாழ வந்தவர்களையும் அது பற்றிக்கொண்டது என்பதே எனக்கு அதிகம் உறுத்தியது.

1950களிலிருந்து பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தையல்கடை வைத்து, ரொட்டி மூடும் துணிகளுக்குப் பூவேலை செய்த சாரா கோஹன் 2019இல் 96 வயதில் காலமானார். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட முஸ்லிம் குடும்பத்தினர் அவருடைய கடையை இன்றும் அவர் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஆகஸ்ட்டில் குவீனி ஹல்லேகுவாவும் மறைந்தபோது, பரதேசி யூதப் பெண்களின் வரிசை இந்தத் தெருவில் முடிந்தது. இதே ஊரில் கடவும்பாகம் என்ற மற்றொரு யூதப் பள்ளி, பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கவனிப்பாரின்றி 2019 மழையில் முகப்பு இடிந்து விழுந்தது. ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தபோது மற்றொன்று சரிந்தது. எது காக்கப்பட வேண்டும் என்பதைச் சுற்றுலாப் பயணிகளின் கால்கள் முடிவு செய்வது நியாயமாகாது.

அரண்மனை இன்று திறந்திருந்தது. போர்த்துகீசியர் 1555இல் கட்டி மன்னருக்குக் கொடுத்து, டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. பள்ளியறையின் சுவர் முழுக்க இராமாயணம். பச்சையும் காவியும் மஞ்சளுமாக உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஜன்னல் வழியாக மழைச்சாரல் வரும்போதெல்லாம் காவலர் ஓடிவந்து கதவைச் சாத்தினார். அவருடைய அந்தப் பதற்றம் எனக்குப் பிடித்திருந்தது.

மாலையில் கூனன் குரிசுப் பள்ளி. 1653 ஜனவரி 3 அன்று, போர்த்துகீசியப் பாதிரிமாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று தோமா வழிக் கிறித்தவர்கள் சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துச் சபதம் செய்தது இந்த இடத்தில். உடம்பு அசந்துவிட்டது, உள்ளே உட்கார்ந்து மழை விடும்வரை கண்ணை மூடியிருந்தேன். யாரும் எழுப்பவில்லை.

பண்டகசாலை ஒன்றை மாற்றி அமைத்த காப்பிக்கடையில் ஒரு குவளைக்கு இருநூற்று எண்பது ரூபாய் வாங்கினார்கள். மூட்டை இருந்த இடத்தில் மெத்தை இருக்கைகள் கிடந்தன. காப்பி நன்றாகவே இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமையின் திண்ணையும் சுலைமானியும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

திங்கள், 2025 ஜூலை 14

சட்டைகள் வந்து சேரவில்லை. பிற்பகல் ரயில் என்பதால் நானே வெளிக்குப் போனேன். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் சமூகத்தினர் இவர்கள். முன்பு குளங்களில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976இல் கட்டிக்கொடுத்தது இந்தச் சலவைக்கூடம். வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் தொட்டியும் கல்லும்; அப்பால் கொடிகள். கொடிக்குக் கவ்விகள் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிப் பின்னி, அந்தப் பின்னலுக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். காயல் காற்றுக்கும் அசைவதில்லை. கஞ்சி போடுவது சோற்றுக்கஞ்சியில்.

எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா என் சட்டைகளை அடையாளம் காட்டினார். ஒவ்வொரு கழுத்துப்பட்டையின் உள்ளேயும் சிறிய மைக்குறி. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "எங்களுக்கு ஊருன்னா இதுதான். பாட்டனுக்குப் பாட்டன் எங்கேயிருந்து வந்தாருன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பேச்சு மட்டும் விடலை" என்றார். அந்தப் பேச்சில் மலையாளத்தின் இழுப்பு இருந்தது. வினைமுற்றுகள் எல்லாம் தமிழ். பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை என்றும், அதில் தமக்கு வருத்தம் இல்லை என்றும் சொன்னார். கல்லில் அடித்து அடித்து அவருடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. யூதர் வீடுகளின் மேசைவிரிப்பும், குஜராத்திச் சேட்டுகளின் வேட்டியும், பள்ளிவாசல் ஜமுக்காளமும், பாதிரியாரின் அங்கியும் இந்தக் கல்லுக்கு வந்திருக்கின்றன. எந்தத் துணி யாருடையது என்பதைக் குறி பார்த்துத் தெரிந்துகொள்ளும் அந்தக் கைகளுக்கு, இந்த ஊரின் எல்லா வீடுகளும் தெரியும்.

நான்கு உருப்படிகள் தயார். ஐந்தாவது சட்டையின் கைமடிப்பில் ஈரம் இருந்தது. ரயிலுக்கு நேரமாகிறது, அப்படியே கொடுங்கள் என்றேன். "ஈரத்தோட கொடுக்க மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, சிரட்டைக்கரி போட்ட கனத்த இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். அரைமணி நேரம் காத்திருந்தேன். ஆவி பறந்தது. ஐந்துக்கும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்; மீதி ஐம்பதை வைத்துக்கொள்ளச் சொன்னபோது திருப்பி என் கையிலேயே வைத்தார்.

திரும்பும் படகிலும் மழை. இம்முறை பணியாளர் சரியான நேரத்தில் தார்ப்பாயை இறக்கிவிட்டார். மலையாளச் செய்தித்தாளில் கட்டிய பொட்டலத்தை மடியில் வைத்திருந்தேன். எர்ணாகுளம் வரும்வரை அதில் சூடு இருந்தது.